சாலையோரக் காவலர் சங்கம்

வெர்லின் ஹாக்ஸ்டாட் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்தவர். எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை. டோல்விக் லூத்தரன் தேவாலயத்தின் வருடாந்தரக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் காபியோடு உட்கார்ந்திருப்பார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் ஜனவரிக் குளிரில் தெற்கு டகோட்டாவின் தலைநகரான பியருக்குக் காரோட்டிப் போய், சட்டசபைக் கமிட்டி முன்னால் பேசப்போகிறேன் என்றபோது, அவர் மனைவி ஆர்லிஸ் முதலில் அவர் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார்.

காரணம் ஒரு செடி. டோல்விக்குக்கு வெளியே, மண்சாலை ஓரத்துப் பள்ளத்தில், வேலிக்கம்பியை ஒட்டி ஆஸ்பரகஸ் தானாக முளைக்கிறது. நம் தண்ணீர்விட்டான் கொடிக்குச் சொந்தக்காரச் செடி. மே மாதம் மண்ணைப் பிளந்துகொண்டு விரல் விரலாகக் குருத்து வரும். ஒடித்துக் கொண்டுபோய் வெண்ணெயில் வதக்கினால் வேறு கறி வேண்டாம். அந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் நோய்நொடி, பிள்ளைகளின் விவாகரத்து எல்லாவற்றையும் சொல்வார்கள். தங்கள் ஆஸ்பரகஸ் எங்கே முளைக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். வெர்லின் அதை ஆர்லிஸிடம் சொன்னதே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான்.

ஒடிக்காமல் விட்ட குருத்து ஆளுயரம் வளர்ந்து, பஞ்சுபோலப் படர்ந்து, வேருக்குச் சத்து சேர்த்து வைத்தால்தான் மறுவருஷம் முளைக்கும். போன ஜூனில் பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்மர் க்ராய்ட்ஸ் தன் புல்வெட்டும் மிஷினை ஓட்டிவந்து, வெர்லின் ஒடிக்கும் பள்ளத்தை மொட்டையடித்துவிட்டுப் போனார். வெர்லின் சாலையில் நின்று அந்த மொட்டையைப் பார்த்தார். டெல்மரிடம் போய் ஏன் வெட்டினாய் என்று கேட்கலாம். கேட்டால், உனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்பார். ஆகவே கேட்கவில்லை.

குளிர்காலத்தில் செய்தித்தாளில் ஒரு மூலையில் சின்னச் செய்தி வந்தது. சாலையோரப் புல்லை ஆகஸ்ட் மாதத்துக்கு முன்னால் யாரும் வெட்டக்கூடாது என்று ஒரு மசோதா. வெர்லின் அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கமிட்டி அறை வாசலில் ஒரு மேஜை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"யார் சார்பா பேசுறீங்க?"

"என் சார்பாத்தான்."

"சங்கம், கம்பெனி, யூனியன்?"

"வெர்லின் ஹாக்ஸ்டாட்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. "தனி ஆளுங்க கடைசியில. நேரம் இருந்தா கூப்பிடுவாங்க."

உள்ளே நிற்க இடமில்லை. புல்லுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று வெர்லின் நினைக்கவில்லை. மசோதாவுக்கு ஆதரவாக ஃபெசன்ட் வேட்டைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஃபெசன்ட் கோழி அந்தப் புல்லில்தான் முட்டையிடும். வேட்டைக்காரர்கள் வந்தால்தான் அறை நிறையும் என்று விடுதி முதலாளிகள் வந்திருந்தார்கள். தேனீ வளர்ப்பவர்கள் வந்திருந்தார்கள். பட்டாம்பூச்சிக்காக ஒரு குழு, தலையில் பட்டாம்பூச்சி குத்திக்கொண்டு வந்திருந்தது. எதிர்ப்பக்கம் மாட்டுக்குப் புல் சேர்ப்பவர்கள், புல்வெட்டும் மிஷின் விற்பவர்கள், சாலைத் தொழிலாளர் யூனியன், மாவட்டம் மாதிரியான கவுண்டிகளின் கமிஷனர்கள். தோல் ஜாக்கெட் போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கமிட்டித் தலைவி செனட்டர் மார்வா புல்டீனா. வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, கையில் சின்னச் சுத்தியல். ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று நிமிஷம் என்றார். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் உயரப் புல்லிலிருந்து மான் குதித்ததால் உடைந்த தன் தோள்பட்டையின் எக்ஸ்ரேயை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். தேன்காரர் ஒரு ஜாடி தேனைத் தலைவியின் மேஜைமேல் வைத்தார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று தலைவி திருப்பிக் கொடுத்தார். இப்படியே நேரம் போய், சுத்தியல் விழுந்தது. மீதி அடுத்த வாரம்.

திரும்பும்போது ஆர்லிஸ் காரோட்டினார்.

"மூணு பேர் சேர்ந்தா ஒரு சங்கம். நாம ரெண்டு பேர் இருக்கோம்" என்றார் வெர்லின் பாதி வழியில்.

"என்னை இழுக்காதே."

"நீ துணைத்தலைவர்."

"நான் உனக்கு ஓட்டே போடலியே, வெர்லின்."

அடுத்த வாரம் மேஜைக்காரப் பெண் அதே கேள்வியைக் கேட்டபோது வெர்லின் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "சாலையோரக் காவலர் சங்கம், டோல்விக்." அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டாள். இவ்வளவு சுலபமா என்று வெர்லினுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது ஆளாகக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பள்ளத்தில் வளர்வதை வளரவிட வேண்டும், அது பாட்டுக்கு இருக்கிறது, யாருக்கு என்ன கெடுதல், என்று சொன்னார். அதற்குமேல் சொன்னால் குருத்து வெளியே வந்துவிடும் என்பதால் நிறுத்திக்கொண்டார்.

"உங்க சங்கத்துல எத்தனை பேர்?" என்று தலைவி கேட்டார்.

வெர்லினின் மனசெல்லாம் பள்ளத்தில்தான் இருந்தது. "வருஷா வருஷம் வளர்ந்துக்கிட்டே இருக்கு, தலைவரம்மா" என்றார்.

தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். அறை முழுக்கத் தலைகள் திரும்பின.

கேன்டீனில் அவர் ஒரு கேரமல் ரோலைக் கையில் எடுத்தபோதே எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல கோட்டு, நல்ல ஷூ, சட்டையில் லாபிக்காரர் என்று பட்டை. சட்டசபைத் தாழ்வாரத்தில் பிறருக்காகப் பேசிக் கூலி வாங்குகிறவர். பெயர் கேலன் ஸ்ட்ரோம்.

"நான் எதிர்ப்பக்கம். புல்லுக்காரங்க, மிஷின்காரங்க, மோட்டார் சைக்கிள் எல்லாம் என் ஆளுங்க. உங்களைப் பத்தி நான் கேள்விப்பட்டதே இல்லையே, மிஸ்டர் ஹாக்ஸ்டாட். நான் கேள்விப்படாத சங்கம் இந்த மாநிலத்துலயே கிடையாது. மாநிலக் கோமாளிகள் சங்கத்துக்குக்கூட ரெண்டு வருஷம் பேசியிருக்கேன்."

"நாங்க புதுசு."

"புதுசுதான் பயம்." கேலன் முள்கரண்டியால் கேன்டீனைச் சுற்றிக் காட்டினார். "அதோ சூப் குடிக்கிறவர், மிஷின் விக்கிறவங்க சங்கம். வியாபாரம். ஒளிவுமறைவு கிடையாது. பக்கத்துல சிவப்புச் சட்டை, யூனியன். புல்லு வெட்டுற வேலை போயிடக்கூடாதுங்கிறார். மத்த நாள்ல ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கமாட்டாங்க. இன்னிக்கு ஒரே தட்டுல வறுவல் தின்றாங்க, பாருங்க."

"அந்தக் குண்டானவர்?"

"கவுண்டி கமிஷனர்கள் சங்கம். அவங்களே அரசாங்கம். அரசாங்கத்துக்கிட்ட அரசாங்கம் மனு கொடுக்க வந்திருக்கு. அதுக்குச் சம்பளம் கொடுத்து ஆளும் வச்சிருக்கு." கேலன் ஒரு வாய் காபி குடித்தார். "இவங்க எல்லாரோடயும் பேசலாம். பாதி தர்றேன்னா வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. என் தூக்கத்தைக் கெடுக்கிறது அந்தப் பட்டாம்பூச்சி மேஜைதான். தங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்னு வர்றவங்க. மனசாட்சிக்காக வந்தவங்களுக்குப் பாதி எப்படிக் கொடுக்கிறது? சரி, நீங்க எந்த ரகம்?"

வெர்லினுடைய காது சூடாயிற்று. கண்ணில் ஆஸ்பரகஸ் குருத்து வந்து நின்றது, மேலே வெண்ணெயோடு.

"மனசாட்சிதான்" என்றார்.

கேலன் பெருமூச்சு விட்டார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வெர்லின் தோள்மேல் விழுந்தது. "கேலன், என் ஆளை விடு" என்றது ஒரு குரல். கேண்டஸ் ப்ரூட், ஆதரவுப் பக்கத்து லாபிக்காரர். சிவப்புக் கண்ணாடி போட்ட நெட்டையான பெண்மணி. வேட்டைக்காரர்களும் விடுதிகளும் தேனும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து அவரை வைத்திருந்தார்கள்.

"எங்ககிட்ட துப்பாக்கி இருக்கு, தேன் இருக்கு, விடுதி இருக்கு" என்றார் கேண்டஸ், வெர்லினைத் தனியாக ஓர் ஓரத்துக்கு நடத்திக்கொண்டுபோய். "சாதாரண மனுஷன்தான் இல்லை. செனட்டருங்க எல்லாரும் சாதாரண மனுஷன் எங்கேன்னு கேட்கிறாங்க. நான் மூணு மாசமா தேடுறேன். உங்களைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"எங்க சங்கம் ரொம்பச் சின்னதும்மா."

"அதை நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். மூன்றே வாரத்தில் சாலையோரக் காவலர் சங்கத்துக்கு இணையதளம் வந்தது, கோழி படம் போட்ட பச்சை ஜாக்கெட் வந்தது, நானூறு உறுப்பினர்கள் வந்தார்கள். அதில் முன்னூற்றுத் தொண்ணூறு பேரை வெர்லினுக்குத் தெரியாது. வானொலியில் இரண்டு நிமிஷம் பேசினார். அஞ்சல் நிலையத்தில் நின்றவர்கள் "வாங்க தலைவரே" என்றார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு அப்படிக் கூப்பிடாதவர்கள்மேல் லேசாகக் கோபம் வந்தது. ஒருநாள் காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் பச்சை ஜாக்கெட்டோடு நின்று, "நண்பர்களே, இந்த மாநிலத்தின் பள்ளங்கள்" என்று ஆரம்பித்தபோது கதவுக்கு வெளியே ஆர்லிஸின் குரல் கேட்டது.

"தலைவரே, குப்பை வண்டி வந்தாச்சு."

பிப்ரவரி நடுவில் சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம் டோல்விக் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடந்தது. பெரிய பாத்திரத்தில் காபி, எட்டு விதமான கூகன் கேக். கூடம் நிறைந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒரு பக்கம், தேன்காரர்கள் இன்னொரு பக்கம், நடுவில் பட்டாம்பூச்சிக்காரர்கள். காற்றாலைக்கு எதிரானவர் ஒருவரும் வந்திருந்தார். எந்தக் கூட்டமானாலும் வருவார். கடைசி வரிசையில் டெல்மர் க்ராய்ட்ஸ் உட்கார்ந்து பிளம் பழக் கூகனைத் தின்றுகொண்டிருந்தார். புல் வெட்டியவரே புல் காக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கிறாரே, கேலன் அனுப்பிய வேவுகாரரா என்று வெர்லினுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் தலைவராக இருந்ததால் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார்.

கூட்டம் தொடங்கும் நேரத்தில் வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அறுபது பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் ஃபெர்ன் என்ற பெண்மணி, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, இந்த மண்ணின் செடிகளைக் காப்பதே தம் வாழ்க்கை என்று இருப்பவர். எல்லோரும் இணையதளத்தில் முறைப்படி சேர்ந்த உறுப்பினர்கள்.

ஃபெர்ன் எழுந்து, மென்மையான குரலில், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். புல்லை வெட்டாமல் இருப்பது போதாது. பள்ளத்தில் வளர்வது இந்த மண்ணுக்கே உரியதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த செடிகளை, தேவைப்பட்டால் மருந்தடித்தும், ஒழிக்க வேண்டும். இதையும் மசோதாவில் சேர்க்கச் சொல்லிச் சங்கம் கேட்க வேண்டும். பிறகு எந்தெந்தச் செடிகள் என்று படித்தார். புரோம் புல். இனிப்பு மணப்புல். முள் நெருஞ்சி.

"ஆஸ்பரகஸ்" என்றார்.

வெர்லினின் கையிலிருந்த கூகன் தட்டுக்குப் போகாமல் மடியில் விழுந்தது.

அவர் பேசுவதற்குள் வேட்டைக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். "புரோம் புல்லை எடுத்துட்டா ஃபெசன்ட் எங்கம்மா முட்டை போடும்?"

"ஃபெசன்ட் கோழியே சீனாவிலேர்ந்து வந்ததுதான்" என்றார் ஃபெர்ன், அதே மென்மையோடு.

ஆரஞ்சுத் தொப்பிகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. ஃபெசன்ட் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பறவை. அதற்குச் சிலையெல்லாம் இருக்கிறது.

"மருந்தடிச்சா என் தேனீ சாகும்" என்றார் தேன்காரர்.

"தேனீ ஐரோப்பாவிலேர்ந்து வந்தது."

"எங்க குடும்பமும் அங்கேர்ந்துதான் வந்துச்சு" என்று வெர்லின் எழுந்தார். "என் கொள்ளுத்தாத்தா நார்வேயிலேர்ந்து கப்பல்ல வந்தவர். ஒரு செடி நூத்துச் சொச்சம் வருஷமா யாருக்கும் தொந்தரவு கொடுக்காம, வேலியோரமா நின்னு, வருஷத்துக்கு ஒரு தடவை... பூத்துட்டு இருக்குன்னா, அதைப் போய் அந்நியம்னா என்ன நியாயம்?"

"எந்தச் செடியைச் சொல்றீங்க, தலைவரே?" என்றார் ஃபெர்ன்.

கூடத்திலிருந்த கண்களெல்லாம் அவரைப் பார்த்தன. "பொதுவாச் சொன்னேன்" என்று வெர்லின் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டெடுத்தார்கள். பேருந்தில் வந்தவர்களும் பட்டாம்பூச்சிக்காரர்களும் கையைத் தூக்க, தீர்மானம் நிறைவேறியது. அதோடு வேட்டைக்காரர்கள் எழுந்து போனார்கள். தேன்காரர்கள் தங்கள் கூகனை எடுத்துக்கொண்டு போனார்கள். காற்றாலைக்காரர் மட்டும் தன் முறைக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

வெர்லின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி நிறுத்தும் இடத்தில் டெல்மர் அவருடைய கார்க் கதவில் சாய்ந்து நின்றார்.

"நானும் எதிராத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றார் டெல்மர்.

"உனக்கு என்னய்யா வந்துச்சு? நீதான் எல்லாத்தையும் வெட்டுறவனாச்சே."

"புல்லு போனாப் போகுது. ஆஸ்பரகஸுக்கு மருந்தடிக்கக் கூடாது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பனி தூற ஆரம்பித்தது.

"யோவ் டெல்மர்" என்றார் வெர்லின் மெதுவாக. "அந்தத் தெற்கு வேலி?"

"வளைஞ்ச கம்பத்துக்கு அடுத்தது."

"அது என்னோடது."

"என்னது உன்னோடது? எங்க அப்பா காலத்துலேர்ந்து நான் அங்கே ஒடிக்கிறேன். பல வருஷமா எவனோ விடியறதுக்குள்ள வந்து எனக்கு முன்னாடி ஒடிச்சிட்டுப் போறான். புல்லு மறைக்குது, எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து ஆள் தெரியலை. ஒரு வருஷக் குருத்து போனாலும் போகட்டும், அவன் யாருன்னு பார்த்துடலாம்னுதான் போன ஜூன்ல வெட்டினேன்."

வெர்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. திருட்டுப் பட்டம் வேறு கட்டிவிட்டானே என்று முகம் சிவந்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். இந்த ஆளைக் கேட்க வாய் வராமல்தான் தலைநகர் போய், சங்கம் வைத்து, ஜாக்கெட் போட்டு, கடைசியில் தன் செடிக்கே மருந்தடிக்கத் தலைமை தாங்கியிருக்கிறோம். காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. டெல்மர் பயந்துபோய் ஆர்லிஸைக் கூப்பிட்டார்.

கடைசி விசாரணைக்கு மூன்று பேருமாக ஒரே காரில் போனார்கள். அறையில் சாலையோரக் காவலர் சங்கத்தின் பேரில் ஏற்கெனவே மூன்று பேர் பதிந்திருந்தார்கள். ஃபெர்ன், தம் தீர்மானத்தைச் சேர்த்தால் மசோதாவுக்கு ஆதரவு என்றார். அவருக்கு அடுத்து வந்த வேட்டைக்காரர், அதே பச்சை ஜாக்கெட்டில், அதைச் சேர்த்தால் எதிர்ப்பு என்றார். தேன்காரர், மருந்து என்ற சொல் வந்தாலே எதிர்ப்பு என்றார். கேண்டஸ் ப்ரூட் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேலன் ஸ்ட்ரோம் பேசவேயில்லை. பேசும் தேவை அவருக்கு இல்லை.

"உங்கள்ல யாருதான் அந்தச் சங்கம்?" என்று செனட்டர் புல்டீனா கேட்டார்.

மூன்று பேரும் திரும்பி வெர்லினைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய் மைக் முன்னால் உட்கார்ந்தார். பச்சை ஜாக்கெட்டைப் போட்டு வரவில்லை, பழைய பழுப்பு ஸ்வெட்டரில் இருந்தார்.

"தலைவரம்மா, சங்கம்னு ஒண்ணு ஆரம்பத்துல கிடையாது. நானும் என் மனைவியும்தான். அவங்களும் சேரலைன்னு சொல்லிட்டாங்க. தனியா வந்தா கடைசியிலதான் கூப்பிடுவாங்கன்னு தெரிஞ்சு நான்தான் ஒரு பேரைச் சொன்னேன். நான் மனசாட்சிக்காகவும் வரலை. எனக்கு ஒரு ஆஸ்பரகஸ் இடம் இருக்கு. அதை யாரும் வெட்டவும் வேண்டாம், மருந்தடிக்கவும் வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்டது."

தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அந்த இடம் எங்கே இருக்கு, மிஸ்டர் ஹாக்ஸ்டாட்?"

யூனியன்காரர் முன்னால் குனிந்தார். மிஷின்காரர் பேனாவை எடுத்தார். கவுண்டி கமிஷனர்கள் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பட்டாம்பூச்சி குத்திய அம்மாள்கூடக் காதருகே முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"மன்னிக்கணும் தலைவரம்மா. அதைச் சொல்றதுக்கில்லை."

"சொல்லியிருந்தா உங்களை நம்பியிருக்கமாட்டேன்" என்றார் தலைவி. "எனக்கும் ஒண்ணு இருக்கு. நானும் சொல்லமாட்டேன்."

அறை சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் ஒரு செனட்டர் எழுந்து, இந்த மசோதாவை நாற்பத்தொன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். சுத்தியல் விழுந்தது.

தாழ்வாரத்தில் வெர்லின் கேலனைப் பிடித்தார். "நாற்பத்தொண்ணாம் நாள்னா எந்தத் தேதி? நாங்களும் வரணுமா?"

"வரலாம். கூட்டத்தொடர் நாற்பது நாள்தான்" என்றார் கேலன்.

வெர்லினுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்தபோது, வருத்தப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. டெல்மர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேண்டஸ் கடந்து போகையில் நின்று, "உங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், மிஸ்டர் ஹாக்ஸ்டாட். ஆனா சாதாரண மனுஷன்னு இனிமே எவனையும் நம்பமாட்டேன்" என்றார்.

திரும்பும் வழியில் காருக்குள்ளேயே பேசி முடித்தார்கள். டெல்மர் அந்தப் பள்ளத்தில் மிஷினை இறக்குவதில்லை. திங்களும் புதனும் டெல்மருக்கு, செவ்வாயும் வியாழனும் வெர்லினுக்கு. வெள்ளிக்கிழமையில் தகராறு வந்தது. சனிக்கிழமையில் அது முற்றியது. கடைசியில் ஆர்லிஸ் காரை ஓரம்கட்டி, மூன்று நாளையும் தனக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனால் வெர்லின் பேசியதைச் செய்தித்தாள் போட்டுவிட்டது. டோல்விக் என்ற ஊர்ப்பெயரோடு போட்டுவிட்டது. அந்த மே மாதம் டோல்விக் மண்சாலையில் முன்னெப்போதும் இல்லாத போக்குவரத்து. எல்லாக் கார்களும் நடைவேகத்தில் போயின. எல்லா ஜன்னல்களும் இறங்கியிருந்தன. சவ ஊர்வலம் என்று நினைத்து டெல்மர் ஒருமுறை தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஒரு புதன்கிழமை விடியற்காலை டெல்மர் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட, வெர்லின் செருப்போடு ஓடினார். வளைந்த கம்பத்திலிருந்து நூறடி தள்ளி, தப்பான பள்ளத்தில், ஒரு மனிதர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். நல்ல கால்சட்டை, நல்ல ஷூ, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் இருந்ததெல்லாம் முள் நெருஞ்சி. கேலன் ஸ்ட்ரோம் அவர்களைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"யார் சார்பா வந்திருக்கீங்க?" என்றார் டெல்மர்.

"இன்னிக்கு லீவு" என்றார் கேலன்.

வெர்லின் அவரைச் சேற்றிலிருந்து கைகொடுத்து மேலே ஏற்றினார். ஷூ ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. டெல்மர் ஒரு கம்பால் துழாவி எடுத்துக் கொடுத்தார். மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்தார்கள். ஆர்லிஸ் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். ஷூவையெல்லாம் வெளியிலேயே கழற்றச் சொன்னார். அடுப்பில் வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. கேலன் நனைந்த காலுறையோடு மேஜையில் உட்கார்ந்து, இந்தக் குருத்து எந்தப் பக்கத்திலிருந்து ஒடித்தது என்று கேட்காமல், தட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.